அணைக்காத சர்வர்

அக்டோபர் 5, சனி
ஓடும் நாள்: 1,093

தேதிக்குக் கீழே நான் எழுதும் எண்ணை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர், "இதென்ன, விரதக் கணக்கா?" என்று கேட்டார். எங்கள் ஆய்வகத்து சர்வர் ஒரு தடவைகூட அணையாமல் ஓடிய நாட்கள் என்றேன். ஈரோட்டில் தலைமையகம், சுற்றுவட்டாரத்தில் ஒன்பது கிளைகள், அத்தனை பேருடைய ரத்தப் பரிசோதனை முடிவும் அந்த ஒரே இயந்திரத்தில் இருக்கிறது. மின்வெட்டு, எலி, இடி என்று எல்லாவற்றையும் சமாளித்து அதை ஓட வைத்திருப்பவள் நான். கல்யாண நாளை மறந்தாலும் இந்த எண்ணை மறக்க மாட்டேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். மனிதர் மதியச் சாப்பாடு வரை பேசவில்லை.

இன்று வந்த செய்தி வயிற்றெரிச்சல். ஊர் உலகமெல்லாம் நம்பிப் பயன்படுத்தும் மறையாக்க மென்பொருளில் ஓட்டையாம். நோயாளி தன் போனில் ரிப்போர்ட் பார்க்கும்போது, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி எழுத்துகளைப் பூட்டி அனுப்புவதுதான் அதன் வேலை. இணைப்பு அறுந்துவிடவில்லையே என்று சோதிக்க, போன் ஒரு சொல்லை அனுப்பும். சர்வர் அதே சொல்லைத் திருப்பி அனுப்பும். சொல்லின் நீளத்தையும் போன்தான் சொல்கிறது. ஒரே ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு "இது அறுபதாயிரம் எழுத்து" என்று புளுகினால், சர்வர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஓர் எழுத்தோடு, பக்கத்தில் தன் நினைவகத்தில் கிடப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடுகிறது. ஒரு சிட்டிகை கடுகு கேட்டவனிடம் அஞ்சறைப் பெட்டியையே நீட்டுவது போல. அதில் ஒருவருடைய கடவுச்சொல் இருக்கலாம், இன்னொருவருடைய சர்க்கரை அளவு இருக்கலாம். எடுத்துக்கொண்டு போனவன் தடயமும் விட மாட்டான்.

நீளத்தைச் சரிபார்க்க ஒரு வரி போதும். ஒரே ஒரு வரி! இதை எத்தனை பெரிய மூளைகள் பார்த்து, "சரியாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள்! பார்க்காத வேலையைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடுகிறவர்களைக் கட்டி வைத்து உதைத்தால்தான் என்ன?

அக்டோபர் 6, ஞாயிறு
ஓடும் நாள்: 1,094

ஒட்டடை அடித்தேன். பொரி, கடலை, அவல் வாங்கியாயிற்று. ஓட்டையை அடைக்கும் திருத்தம் இன்னும் வரவில்லை.

அக்டோபர் 7, திங்கள், ஆயுத பூஜை
ஓடும் நாள்: 1,095

இன்றோடு சரியாக மூன்று வருடம். ஒன்பதேகாலுக்கு ஆய்வகத்தில் பூஜை. பொது மேலாளர் குப்புராஜ் சார் சர்வர் இருக்கும் இரும்புப் பெட்டிக்குத் தன் கையாலேயே சந்தனம், குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டார். "மூணு வருசமா ஒரு நிமிசம் நிக்காம ஓடுதுங்க. நம்ம சந்திரகலாவோட கை அப்படி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

பத்தரைக்குத் திருத்தம் வந்து சேர்ந்தது. ஏற்றினேன். ஏற்றினால் மட்டும் போதாது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வர், மூன்று வருடத்துக்கு முன் எழுந்தபோது நினைவகத்தில் எடுத்து வைத்துக்கொண்ட பழைய மென்பொருளையே வைத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை அணைத்து எழுப்பினால்தான் புதியதை எடுக்கும். எங்கள் ஆய்வக மென்பொருளைத் தனியாக நிறுத்தி எழுப்பவும் வழியில்லை, விற்றவன் கட்டிக் கொடுத்த லட்சணம் அப்படி. மொத்த இயந்திரத்தையும்தான் அணைக்க வேண்டும்.

சாரிடம் போய்ச் சொன்னேன். "ஏம்மா சந்திரா, இப்பத்தான் மாலை போட்டு சாமி கும்பிட்டிருக்குது. அதைப் போய் அணைக்கோணுங்கறியே, வாய்ல வருதா? நாளைக்குப் பார்த்துக்கலாம் போம்மா" என்றார். கோபம் கோபமாக வந்தது. தேங்காய் உடைத்தால் ஓட்டை அடையுமா? படித்த மனிதர்!

எங்களுக்கு ரத்த மாதிரி அனுப்பும் முப்பத்திரண்டு ஆஸ்பத்திரிகளும் மதியத்துக்குள் பாதுகாப்புப் படிவம் வேண்டும் என்று கேட்டிருந்தன. நான்கு கட்டம். திருத்தம் ஏற்றப்பட்டது. சர்வர் மறுபடி இயக்கப்பட்டது. புதிய சாவி போடப்பட்டது. எல்லாக் கடவுச்சொற்களும் மாற்றப்பட்டன. நான்கிலும் டிக் போட்டு, கீழே கையெழுத்திட்டு அனுப்பினேன். எப்படியும் நாளைக்குச் செய்யப்போவதுதானே.

அக்டோபர் 8, செவ்வாய்
ஓடும் நாள்: 1,096

லீவு. மிச்சமிருந்த சுண்டலை யாரும் தொடவில்லை.

அக்டோபர் 9, புதன்
ஓடும் நாள்: 1,097

டெங்குக் கூட்டம். கிளைக்கு நூறு பேர் என்று நிற்கிறார்கள். பத்து நிமிடம் சர்வர் நின்றால் அடிக்க வருவார்கள். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 12, சனி
ஓடும் நாள்: 1,100

ஆயிரத்து நூறு ஆயிற்றே என்று கேசரி கிண்டி எடுத்துப் போனேன். சார் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அக்டோபர் 16, புதன்
ஓடும் நாள்: 1,104

கோபி கிளையில் பதினொரு மணிக்கு நெட் போய்விட்டது. யாரோ சாக்கடை தோண்டிக் கேபிளை அறுத்துவிட்டான். மாற்று இணைப்பு போடுவதற்குள் உயிர் போயிற்று. கவுண்டரில் இருக்கும் பிரமிளா ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு, தன் போனில் வீடியோ காலில் எனக்கு ஒவ்வொரு வயராகக் காட்டினாள். பதினொன்றேகாலிலிருந்து பன்னிரண்டரை வரை இதே கூத்து. "அக்கா, பச்சை லைட்டு எரியுதுங்க்கா!" என்று அவள் கத்தியபோது மணி பன்னிரண்டரை. கெட்டிக்காரப் பெண். இன்னும் நாலு பேர் இப்படி இருந்தால் எனக்கு முடி நரைத்திருக்காது.

அக்டோபர் 21, திங்கள்
ஓடும் நாள்: 1,109

அநியாயம் ஒன்று நடந்திருக்கிறது.

கோபியில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. அவள் போன மாதம் எங்களிடம் ஒரு ஹார்மோன் பரிசோதனை செய்திருக்கிறாள். கருமுட்டை எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் பரிசோதனை. கொஞ்சம் குறைவாக வந்திருக்கிறது. கோயம்புத்தூரில் கல்யாணத்துக்கு முன் துப்புத் துலக்கும் ஏஜென்சி ஒன்றை மாப்பிள்ளை வீட்டார் வைத்திருந்தார்களாம். நேற்று வீட்டுக்கு வந்து, உறவுக்காரர்கள் நடுவில், அந்த எண்ணைப் புள்ளி மாறாமல் வாசித்துக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் இருப்பதைக் கூடத்தில் வைத்து எண்ணுகிறார்கள். இவர்களெல்லாம் மனிதர்களா?

அவளுடைய அப்பா இன்று கோபி கிளைக்கு வந்து கவுண்டரில் கத்தியிருக்கிறார். சார் என்னிடம் லாக் கேட்டார். யார் எப்போது உள்ளே வந்தார், எதைத் திறந்தார் என்று சர்வர் எழுதி வைக்கும் பதிவு அது. எடுத்துக் கொடுத்தேன். அந்த ரிப்போர்ட்டை 16ஆம் தேதி காலை 11.42க்குத் திறந்தது பிரமிளாவின் லாகின். கிளையின் இணைப்பிலிருந்துகூட இல்லை, வெளி இணைப்பிலிருந்து. சொந்தப் போனில் திறந்திருக்கிறாள்.

எவ்வளவு நம்பினேன் இவளை!

அக்டோபர் 22, செவ்வாய்
ஓடும் நாள்: 1,110

சாரின் அறையில் விசாரணை. நான் லாக் தாளோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பிரமிளா நின்றுகொண்டே இருந்தாள், யாரும் உட்காரச் சொல்லவில்லை. சார் கடவுச்சொல்லைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். "நான் தொறக்கவே இல்லீங்க சார், எங்கம்மா மேல சத்தியமுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். "அப்பறம் உன்ற பேரு எப்பிடிம்மா வந்துச்சு?" என்று தாளைத் தட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன். லாக் பொய் சொல்லாது.

வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். கவுண்டரில் எல்லார் எதிரிலும் பையைச் சோதித்து அனுப்பினார்களாம். அது தேவையில்லாத வேலை. ஆனால் இந்தப் பெண்களும்தான் கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைக்கிறார்கள். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

கேஸ் வந்துவிட்டது. பழைய சிலிண்டர் மாற்றியாயிற்று.

அக்டோபர் 23, புதன்
ஓடும் நாள்: 1,111

பிரமிளா போன் செய்தாள். எடுக்க வேண்டாம் என்று நினைத்தும் எடுத்தேன். அழவில்லை. "அக்கா, ஒன்னே ஒன்னு சொல்லிட்டு வெச்சர்றனுங்க. அந்த பதினாறாந் தேதி நெட்டு போச்சல்லங்க்கா? அன்னைக்கு நான் ஸ்டூல் மேலதானுங்க நின்னுட்டு இருந்தேன். உங்களுக்குத்தானுங்க வயர் காட்டிட்டு இருந்தேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். பதினொன்றேகாலிலிருந்து பன்னிரண்டரை வரை என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. 11.42க்குக் கிளைக் கணினியில் நெட் இல்லை. அவளுடைய போனில் அவள் முகமும் பச்சை, மஞ்சள் வயர்களும்தான் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

பிறகு இன்னும் சில பக்கங்கள் முன்னால் திருப்பினேன். இன்றைக்கு இவ்வளவு போதும்.

அக்டோபர் 24, வியாழன்
ஓடும் நாள்: 1,112

மதியம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, என் போனின் இணைப்பிலிருந்து, வெளியாள் போல எங்கள் சர்வரிடமே அந்த ஓர் எழுத்துப் பொய்யைச் சொல்லிப் பார்த்தேன். ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கும் கருவி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கெடுதல் செய்கிறவனுக்கும் அதே இலவசம்.

முதல் தடவை, குப்பை எழுத்துகள். இரண்டாம் தடவை, பவானியில் ஏழு வயதுக் குழந்தையின் ரத்தத் தட்டணு எண்ணிக்கை, அப்பா பெயர், போன் நம்பர். மூன்றாம் தடவை, குப்புராஜ் சாரின் லாகினும் கடவுச்சொல்லும். அவருடைய கார் நம்பரேதான் கடவுச்சொல். பிரமிளாவுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்த மனிதர்!

16ஆம் தேதி காலையில் பிரமிளா லாகின் செய்தபோது அவளுடைய கடவுச்சொல்லும் இப்படித்தான் சர்வரின் நினைவகத்தில் கிடந்திருக்கும். ஏஜென்சிக்காரன் அள்ளியிருக்கிறான். பிறகு அவள் பெயரிலேயே உள்ளே வந்திருக்கிறான். லாக் எழுதியதும் அதைத்தான். யார் வந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? எந்தப் பெயரில் வந்தார்கள் என்று மட்டும்தான் தெரியும். இது எனக்குத் தெரியாதா? இருபது வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன்!

மூன்று பத்துக்கு, யாரையும் கேட்காமல் அணைத்தேன். மின்விசிறிகள் நின்றதும் அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. காய்ந்துபோன சாமந்தி மாலை இன்னும் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிக் கூடையில் போட்டேன். மறுபடி எழுப்ப ஒன்பது நிமிடம் ஆயிற்று. அதே பொய்யை மறுபடி சொல்லிப் பார்த்தேன். சர்வர் வாயைத் திறக்கவில்லை.

சார் ஓடி வந்தார். "ஆயிரத்து நூறு நாளும்மா! இப்பிடிக் கெடுத்துப் போட்டியே!" என்றார். குழந்தையின் ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவருடைய கார் நம்பரைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டார்.

ஓடும் நாள் இனி 0. இந்த மனிதர் அன்றைக்கு மாலை, குங்குமம் என்று தடுத்திருக்காவிட்டால் இது எதுவும் நடந்திருக்காது.

அக்டோபர் 25, வெள்ளி
ஓடும் நாள்: 1

காலையில் புதிய சாவி போட்டேன். சர்வர்தான் சர்வர் என்று நிரூபிக்கும் ரகசியச் சாவி அது. பழையதும் நினைவகத்தோடு வெளியே போயிருக்கலாம். அதன் சான்றிதழை ரத்து செய்து புதிது வாங்கினேன். உள்ளே இருந்த எல்லாரையும் வெளியேற்றி, எல்லாக் கடவுச்சொற்களையும் செல்லாததாக்கினேன். ஏஜென்சி மேல் சைபர் போலீஸில் புகாரும் எழுதியாயிற்று. பாக்கி ஒன்றுதான். நாற்பத்தோராயிரம் நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டும்.

"அதெல்லாம் வேண்டாம்மா" என்றார் சார். "ஓட்டைய அடைச்சாச்சு. அந்தப் புள்ளையச் சத்தமில்லாமத் திருப்பிக் கூப்ட்டுக்கலாம். ஊருக்கெல்லாம் தண்டோராப் போட்டா நாளைக்கு எவன் நம்மகிட்ட ரத்தம் குடுப்பான்?"

நான் கத்தினேன். வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். அந்த மக்களுடைய உடம்பு, அவர்களுடைய கடவுச்சொல், இதே கடவுச்சொல்லை எத்தனை பேர் பேங்கிலும் வைத்திருக்கிறார்களோ, அவர்களிடம் சொல்லாமல் மறைக்க நாம் யார் என்று கேட்டேன். அவர் பதற்றப்படவே இல்லை. மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். 7ஆம் தேதிப் படிவம்.

"இதுல டிக்கு யாரு போட்டது? சர்வர் மறுபடி இயக்கப்பட்டதுன்னு இருக்குது. கீழ கையெழுத்து யாருது? வெளிய போச்சுன்னா மொத உருளறது உன்ற தலைதான் சந்திரா. யோசிச்சுக்க."

இந்த ஆளுடைய தைரியத்தைப் பாருங்கள் என்று எழுதத்தான் நோட்டைத் திறந்தேன். அவர் என்னைத் தடுத்தது ஒரு நாள். 7ஆம் தேதி மட்டும். 8ஆம் தேதி யாரும் தடுக்கவில்லை. 9ஆம் தேதி டெங்குக் கூட்டத்தில் பத்து நிமிடம் நின்றிருந்தால் யாரும் செத்திருக்க மாட்டார்கள். 12ஆம் தேதி நான் கேசரி கிண்டினேன். பதினாறு நாள், நோட்டைத் திறந்தபோதெல்லாம் பக்கத்தின் தலையில் அந்த எண்ணை என் கையாலேயே எழுதினேன். அணைத்தால் அது போய்விடும். அதற்காகத்தான் அணைக்கவில்லை.

அக்டோபர் 26, சனி
ஓடும் நாள்: 2

நாளை தீபாவளி. கோபி பஸ்ஸில் நிற்க இடமில்லை, துணிப்பைகளுக்கு நடுவில் போனேன். பிரமிளாவின் வீட்டுக் கதவு பாதி சாத்தியிருந்தது. அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டை, அள்ளியவன், அவளுடைய கடவுச்சொல். பிறகு படிவத்தை எடுத்துக் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"இந்த டிக்கு யாருதுங்க்கா?"

"என்னுது, பிரமிளா."

"என்னைய நிக்க வெச்சுக் கேட்டாங்கல்ல, அன்னைக்கு?"

"ஆமா."

"நீங்க அந்த ரூம்லதானுங்க உக்காந்துட்டு இருந்தீங்க."

தலையை ஆட்டினேன்.

சார் திரும்பக் கூப்பிடுகிறார் என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "சத்தமில்லாம வாறதுக்கு நான் என்ன திருடிட்டா போனேன்? என்ற பையைக் கொட்டிப் பாக்கறப்ப சத்தம் போட்டுத்தானுங்க பாத்தாங்க. அந்தப் புள்ளையோட அப்பா, நீயெல்லாம் ஒரு பொம்பளையான்னு கேட்டுட்டுப் போனாருங்க. எதுத்த கடைக்காரங்க வரைக்கும் கேட்டாங்க. எனக்கு வேலை வேண்டாம். நீங்க எழுதறதுன்னா என்ற பேரைப் போட்டு எழுதுங்க. லாக்குல பேரு இருந்துச்சல்லங்க? அதே மாதிரி."

அக்டோபர் 27, ஞாயிறு, தீபாவளி
ஓடும் நாள்: 3

அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிட்டது. வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஆஸ்பத்திரிகளுக்கும் நோயாளிகளுக்கும் எழுதி வைத்ததைக் காட்டினேன். படித்துவிட்டு, "அனுப்பிரு" என்றார்.

அக்டோபர் 29, செவ்வாய்
ஓடும் நாள்: 5

காலை ஒன்பது மணிக்கு அதே படிவத்தைத் திருத்தி முப்பத்திரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் அனுப்பினேன். முதல் டிக்கை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில், "7ஆம் தேதி இவை செய்யப்படவில்லை. செய்ததாக எழுதியது நான். 24, 25ஆம் தேதிகளில்தான் செய்யப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு மணிக்குள் எல்லா ஆஸ்பத்திரிகளும் சாரைப் பிடித்துக்கொண்டன. நோயாளிகளுக்குச் சொன்னீர்களா என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். மதியம் அவரே கூப்பிட்டு, "எழுதும்மா, எழுதித் தொலை" என்றார். எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். "எதுக்கு அந்தப் புள்ள பேரு?" என்றார். "லாக்குல இருந்துச்சுங்க சார்" என்றேன்.

நாற்பத்தோராயிரம் பேருக்கும் போயிற்று. என்ன ஓட்டை, எத்தனை நாள் திறந்திருந்தது, கடவுச்சொல்லை எப்படி மாற்ற வேண்டும். கடைசிப் பத்தி: "கோபி கிளையில் ஒரு ரிப்போர்ட் வெளியே போனதற்கு அங்கே பணியாற்றிய பிரமிளா காரணம் அல்ல. அவர் பெயரைத் திருடி உள்ளே வந்தவர்கள் வேறு. சர்வரை உரிய நாளில் அணைத்து இயக்காதது சந்திரகலா."

மாலை ஐந்து மணிக்கு என்னை இடைநீக்கம் செய்யும் கடிதம் வந்தது. என் லாகினை ரத்து செய்ய வேறு ஆள் இல்லை, நானே ரத்து செய்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 31, வியாழன்
ஓடும் நாள்: தெரியாது

கடிதத்தின் கீழே என் போன் நம்பரைப் போட்டிருந்தேன். இரண்டு நாளாக அடித்துக்கொண்டே இருக்கிறது. திட்டுகிறார்கள். நியாயம்தான். பவானியிலிருந்து அந்த ஏழு வயதுக் குழந்தையின் அப்பா, கடவுச்சொல்லை எப்படி மாற்றுவது என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். குழந்தைக்குத் தேவலையாகிவிட்டதாம்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் பேசினாள். பெயர் சொல்லவில்லை. "கோபியிலிருந்து பேசறனுங்க. அந்த ரிப்போர்ட்டு என்னுது" என்றாள். எழுந்து நின்றுவிட்டேன். இந்தப் போன் வரும் என்று தெரியும். சொல்ல வேண்டியதை மூன்று நாளாக மனதுக்குள் எழுதி, அடித்து, திருத்தி வைத்திருந்தேன். எந்த நாளில் என்ன செய்திருக்க வேண்டும், ஏன் செய்யவில்லை, என்ன சொன்னாலும் அவளுக்குப் போனது போனதுதான், எல்லாம்.

"பிரமிளாங்கறவங்க நம்பர் வேணுமுங்க" என்றாள். "எங்கப்பா அவங்களை ரொம்பப் பேசிப்போட்டாரு. கூட்டிட்டுப் போய் அவங்க வீட்டுல மன்னிப்புக் கேக்க வெக்கோணும்."

பிரமிளாவிடம் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி, அப்படியே கேட்டு, கொடுத்தேன். நன்றி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

என்னிடம் அவள் ஒன்றுமே கேட்கவில்லை.